கோமளா மேடத்தின் இரண்டாவது பதில்

"வடிவமைப்பு ஃப்ரீஸ் ஆன பிறகு, விடை தவறாக வரும் பிழையைத் திருத்துவதற்குத் தவிர வேறு எதற்காகவும் மின்சுற்றில் கை வைக்கக் கூடாது. தாமதம் பிழை ஆகாது."

எங்கள் நடைமுறைக் கையேட்டில் இப்படி ஒரு விதி உண்டு. மூலம் ஆங்கிலத்தில், தமிழ் என்னுடையது. ப்ராசஸர் வடிவமைக்கும் அலுவலகங்களைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு விளக்கம். சிப்பின் வரைபடத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்புவதற்கு முன் ஒரு நாள் குறித்து, இதற்கு மேல் யாரும் எதையும் மாற்றக் கூடாது என்று பூட்டுப் போடுவார்கள். அதுதான் ஃப்ரீஸ். பூட்டாவிட்டால் பொறியாளர்கள் தங்கள் பணி ஓய்வு நாள் வரைக்கும் மேம்படுத்திக்கொண்டே இருப்பார்கள். நான் சரிபார்ப்புப் பிரிவில் இருந்தவன். பூட்டின் சாவி என் மேசையில் இருந்தது. இந்த விதியைக் காட்டி எத்தனையோ அருமையான யோசனைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவற்றில் பாதி உண்மையிலேயே அருமையானவை.

இப்போது அதே கையேட்டில், சோதனைகள் பற்றிய பகுதியில், "முதல் ஓட்டத்தின் அளவையும் சேர்த்தே தர வேண்டும்" என்று ஒரு வரி புதிதாக இருக்கிறது. அங்கே அண்மையில் சேர்ந்தவர்கள், இந்த வரி எதற்கு என்று ஓய்வு பெற்றவனைத் தேடிக் கேட்டிருக்கிறார்கள். கையேட்டைப் படிக்கிறார்கள் என்பதே எனக்கு நல்ல செய்தி. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் ஆண்டில் படிவங்களை நிரப்பக் கற்றேன். இரண்டாம் ஆண்டில், அவற்றில் எவற்றை யாரும் படிப்பதில்லை என்று கற்றேன். மூன்றாம் ஆண்டில், யாரும் படிக்காதவற்றில்தான் எல்லாம் இருக்கிறது என்று தெரிந்தது. அதன் பிறகு சரிபார்ப்பை விட்டு நகரவில்லை.

அலுவலகம் செங்கல்பட்டுக்கு வெளியே. மாலையில் எங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும் வேன் திருக்கழுக்குன்றம் வந்ததும் சாலை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் போனால் மாமல்லபுரம். வலப்பக்கம் போனால் அணுபுரம், கல்பாக்கம். என் மனைவிக்கு அணுமின் நிலையத்தில் வேலை. எங்கள் வீடு அணுபுரம் குடியிருப்பில். சில நாட்களில் மாமல்லபுரத்துக்காரர் ஒருவரும் வேனில் இருக்க மாட்டார். அப்போது இடப்பக்கம் போவது வீண். ஓட்டுநர் டில்லி இதை யாரிடமும் கேட்க மாட்டார். பிரிவு வந்ததும், கிழமையைப் பார்த்து ஊகித்து ஒரு பக்கம் திருப்பிவிடுவார்.

"யாரு இருக்காங்கன்னு ஒரு வார்த்த கேட்டுட்டுத் திரும்பலாமே டில்லி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கேட்டுகினு நின்னா பின்னால வர்ற பஸ்ஸுக்காரன் ஆரன் அடிச்சே சாவடிச்சிடுவான் சார். பாதிப் பேரு தூங்கிகினு கீறான். அவன எழுப்பி, அவன் இன்னான்னு கேட்டு... பேஜாரு. ஒரு பக்கம் வுட்ட வேண்டியது. தப்புன்னா எவனாச்சும் கத்துவான், திருப்பிகினா போச்சு."

ப்ராசஸரும் இதையேதான் செய்கிறது. ப்ரோகிராமில் சில கட்டளைகளுக்கு ஒருமுறை, "இப்படி இருந்தால் இந்தப் பக்கம், இல்லாவிட்டால் அந்தப் பக்கம்" என்று ஒரு கிளை வரும். எந்தப் பக்கம் என்று உறுதியாகத் தெரிவதற்குப் பல துடிப்புகள், அதாவது சிப்பின் கடிகாரம் பல முறை அடிக்கும் நேரம், ஆகும். அதுவரை நின்றால் பின்னால் வரிசையில் இருக்கும் கட்டளைகளெல்லாம் நிற்கும். ஆகவே நிற்காமல் ஊகித்துப் போய்விடுகிறது. ஊகிக்கும் பகுதிக்குக் கணிப்பான் என்று பெயர். ஊகம் தவறானால் செய்த வேலையை அழித்துவிட்டு, பிரிவுக்குத் திரும்பி வந்து, மறுபக்கம் போகும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விடை ஒருபோதும் தவறாகாது. தாமதமாகும், அவ்வளவுதான். எப்போதும் தவறாகவே ஊகிக்கும் கணிப்பான் ஒன்றைச் செய்தாலும், எங்கள் விதிப்படி அது சரியான கணிப்பான். நான் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

கணிப்பானை வடிவமைத்தவர் தமிழரசி. படாளத்துக்காரர், கரும்பு விவசாயக் குடும்பம். திட்டப் பணியாளராக வந்தவர். திட்டப் பணியாளர்களின் பதவி அவர்கள் செய்யும் பகுதியோடு கட்டப்பட்டிருக்கும். பகுதி சிப்பில் இருக்கும் வரை ஆளும் இருக்கலாம்; பகுதி போனால் ஆளும் போக வேண்டும். இந்த நடைமுறையை வகுத்தவர் யாரென்று எனக்குத் தெரியும். நல்ல மனிதர்; தன் பதவியை எதோடும் கட்டிக்கொள்ளாதவர்.

தமிழரசி முன் இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது சிறிய அட்டவணை. ஒவ்வொரு கிளையும் கடைசி இரண்டொரு முறை எந்தப் பக்கம் போனது என்பதை மட்டும் நினைவில் வைத்து, அதே துடிப்பில் பதில் சொல்லிவிடும். வேகம் உண்டு, சாமர்த்தியம் குறைவு. இரண்டாவது பெரிய அட்டவணை. இந்தக் கிளைக்கு வருவதற்கு முன் எந்தெந்தக் கிளைகளில் எந்தப் பக்கம் திரும்பி வந்தோம் என்ற தடத்தையும் சேர்த்துப் பார்க்கும். டில்லி கிழமையை மட்டும் பார்க்காமல், வழியில் யார் எந்த நிறுத்தத்தில் ஏறினார் என்பதையும் வைத்து ஊகிப்பதைப் போல. துல்லியம் அதிகம். ஆனால் தேடி எடுக்க இன்னும் ஒரு துடிப்பு வேண்டும். ஒவ்வொரு கிளையிலும் ஒரு துடிப்பு காத்திருந்தால், துல்லியத்தால் கிடைத்த லாபம் காத்திருப்பதிலேயே போய்விடும்.

அலுவலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. வேகக் கட்சிக்காரர்கள் வேகமாகப் பேசினார்கள். துல்லியக் கட்சிக்காரர்கள் முடிவில்லாமல் பேசினார்கள். முடிவெடுக்க வேண்டியவர் வடிவமைப்புத் தலைவர் கோமளா மேடம்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கேள்வியை நாம் முடிப்பதற்குள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். கண்ணாடி மேசையைத் தொடும்போது பதில் வந்திருக்கும். மறுநாள் காலை, நாம் பையை இறக்கி வைப்பதற்கு முன் இன்னொரு பதில் வரும். சில நாள் முதல் பதிலேதான். சில நாள் நேர் எதிர். "நேற்று சொன்னது தவறு" என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. "இது ரெண்டாவது" என்பார். இரண்டாவதே செல்லும்.

இதற்கேற்ப நாங்கள் ஒரு வழக்கத்தை வளர்த்துக்கொண்டோம். முதல் பதில் கிடைத்ததும் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். தொடங்காமல் இருந்தால், "அதான் சொல்லிட்டேன்ல, இன்னும் என்ன உக்காந்திருக்கீங்க?" என்று கேட்பார். மறுநாள் வேறு பதில் வந்தால் செய்ததைக் கலைத்துவிட்டு மாற வேண்டும். மறுநாள் எதுவும் வராவிட்டால் முதல் பதிலே முடிவு. கையேட்டில் இது இல்லை. ஆனால் கையேட்டைவிட ஒழுங்காகப் பின்பற்றப்பட்டது.

கணிப்பான் பற்றிய கூட்டத்தில் இரு கட்சியும் பேசி ஓய்ந்ததும் தமிழரசி எழுந்தார்.

"மேடம், உங்கள மாதிரியே பண்ணிடலாம்."

அறையில் எல்லோரும் தங்கள் முன் இருந்த காகிதத்தை மிகுந்த ஆர்வத்தோடு படிக்க ஆரம்பித்தார்கள்.

"என்ன மாதிரின்னா?"

"முதல்ல சின்னது சட்டுனு ஒரு பதில் சொல்லட்டும். அத வெச்சு ஓட ஆரம்பிச்சுடலாம். பெருசு யோசிச்சுட்டு அடுத்த துடிப்புல வரட்டும். அதே பதில்னா ஒண்ணும் நஷ்டமில்ல. வேற பதில்னா ஒரு துடிப்பு வேலைதான் வீணு, மாத்திக்கலாம். முழுசா தப்பாப் போய்த் திரும்பறதுக்கு இது எவ்வளவோ தேவல."

"நான் அப்படியா பண்றேன்?"

யாரும் நிமிரவில்லை. கண்ணாடி மேசைக்கு வந்தது.

"முடியாது. ரெண்டு அட்டவணைக்கு இடம் கிடையாது."

மறுநாள் காலை தமிழரசியின் மேசையருகே வந்து நின்று, "இது ரெண்டாவது. செய்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பதில் சொல்லும் கணிப்பான் எங்கள் சிப்பில் வந்தது இப்படித்தான். இந்த முறையை உலகத்தில் வேறு சிலரும் யோசித்திருக்கிறார்கள். ஆனால் தங்கள் மேலதிகாரியைப் பார்த்து யோசித்தார்களா என்று தெரியவில்லை.

அதே ஆண்டில் இன்னொரு கூட்டம். கேள்வியை எழுப்பியது நான். திறந்த கேள்விகளின் பட்டியலில் எண்ணோடு பதிவும் செய்திருந்தேன். ஒரு ப்ரோகிராம் கணிப்பானில் விட்டுச்செல்லும் தடத்தை வைத்து, இன்னொரு ப்ரோகிராம் அதன் ரகசியங்களை மோப்பம் பிடிக்க முடியும் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்த கவலை. ஆகவே கணிப்பானின் நினைவை எப்போது அழிப்பது? ஒரு ப்ரோகிராமிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதா, அல்லது வெளியே இருக்கும் கருவி ஏதாவது கூப்பிடும் சின்னக் குறுக்கீடு வந்தாலும் அழித்துவிடுவதா?

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே மேடத்தின் தொலைபேசி அடித்தது. அவர் மகளுக்குப் பிரசவ வலி. எழுந்து பையை எடுத்தபடியே, "எது வந்தாலும் அழிச்சிடுங்க. பாதுகாப்புதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பேத்தி பிறந்தாள். மேடம் ஒரு மாதம் விடுப்பில் இருந்தார். மறுநாள் காலை எந்தப் பதிலும் வரவில்லை. வழக்கப்படி வேலை நடந்தது.

சோதனைச் சிப்கள் தொழிற்சாலையிலிருந்து வந்ததும், சில இடங்களுக்குச் சோதனைக்காகக் கொடுத்தோம். அதில் ஒன்று மாமல்லபுரத்தில் ஏகாம்பரத்தின் சிற்பக்கூடம். அங்கே இப்போது பெரிய கல்லை முதலில் இயந்திரம் குடைந்து உருவம் எடுக்கும். அதன் பிறகுதான் உளி. வைர முனை சுழன்றுகொண்டே போக, மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும். முனை எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது எங்கள் சிப் இருக்கும் பலகை. தூண்கள், பீடங்களெல்லாம் நன்றாக வந்தன. பிறகு ஓர் அம்மன் சிலை. ஏகாம்பரம் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், உங்க சிப்பு யோசிக்குது சார்."

"யோசிக்கத்தானே கொடுத்தோம்?"

"அது யோசிக்கிற எடத்துலல்லாம் கல்லுல குழி உழுது. அம்மனுக்கு அம்மை போட்ட மாரி கீது. வந்து பாருங்க."

கழுத்தின் ஆபரணங்களில் மட்டும் கடுகளவு குழிகள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். அங்கே முனை நொடிக்கு நொடி திசை மாற வேண்டும். அடுத்த நகர்வுக்கான கணக்கு வந்து சேரத் தாமதமானால் முனை நின்ற இடத்திலேயே சுழலும். கல் அங்கே கொஞ்சம் ஆழமாகிவிடும். ஆக, ப்ராசஸர் தாமதிக்கிறது. ஏன்?

பலகையில் ஒரு வசதி உண்டு. பெரிய அட்டவணையை அணைத்துவிட்டுச் சிறியதை மட்டும் வைத்து ஓட்டலாம். ஏகாம்பரம் அப்படி ஓட்டிப் பார்த்தார். குழிகள் ஏறக்குறைய மறைந்துவிட்டன. ஆனால் எங்கள் ஆய்வு அறையில், அதே அம்மனின் அதே ப்ரோகிராமை ஓட்டினால், பெரிய அட்டவணை இருந்தபோதுதான் வேகம் அதிகம். துல்லியமானது அங்கே தடுமாறுகிறது, இங்கே ஜெயிக்கிறது. சிப் ஒன்று, ப்ரோகிராம் ஒன்று. இப்படி ஒரு புதிரை என் பணிக்காலத்தில் நான் சந்தித்ததில்லை. உண்மையைச் சொன்னால், அந்த வாரம் சந்தோஷமாகவே இருந்தேன்.

தமிழரசி சந்தோஷமாக இல்லை. விற்பனைக்கான சிப்பின் வடிவமைப்பு அதற்குள் ஃப்ரீஸ் ஆகியிருந்தது. பொங்கல் முடிந்து முதல் வேலைநாளில் கோப்பு தொழிற்சாலைக்குப் போக வேண்டும். பெரிய அட்டவணையை நிரந்தரமாக அணைத்து வைத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. ஃப்ரீஸ் விதி தடுக்காதா என்று நீங்கள் கேட்கலாம். தடுக்காது. அணைத்து வைப்பது மாற்றம் அல்ல என்று கையேட்டில் தனி விளக்கமே உண்டு. அணைத்த பகுதி, இல்லாத பகுதியாகவே கருதப்படும். பகுதி இல்லையென்றால் ஆளும் இல்லை.

"என் வேல போனாப் போகட்டும் சார்," என்றார் தமிழரசி, மாமல்லபுரம் போகும் வழியில். "அது தப்பாச் சொல்லாது. ஏதோ ஒண்ணு அதச் சொல்ல வெக்கிது. அது என்னன்னு தெரியாம போகச் சொன்னா எப்படிப் போறது?"

சிற்பக்கூடத்தில் காதைக் கிழிக்கும் சத்தம். நாங்கள் பலகையோடு ஒரு மடிக்கணினியை இணைத்து, எத்தனை ஊகங்கள் தவறின என்று எண்ணும் எண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சிப்பிலேயே அப்படி ஓர் எண்ணி உண்டு. ஏகாம்பரம் பக்கத்தில் நின்று அதையே முறைத்தார்.

"இன்னா சார், ஸ்கோரு ஏறிகினே போவுது?"

"ஏறக் கூடாது ஏகாம்பரம். கொஞ்ச நேரத்துல கத்துக்கிட்டு அடங்கணும்."

"அடங்குற மாரி தெரியலியே."

அடங்கவில்லை. காலையில் இருந்த வேகத்திலேயே நண்பகலிலும் தவறிக்கொண்டிருந்தது. இயந்திரத்தை நிறுத்தி, மோட்டார்களின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ப்ரோகிராமை மட்டும் ஓட்டச் சொன்னேன். எண்ணி சில நொடிகளில் அடங்கிவிட்டது. மோட்டார்களை இணைத்தோம். மறுபடியும் ஏறியது. கழற்றினோம், அடங்கியது. ஏகாம்பரத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"கயட்டி மாட்டறதுக்கா செங்கல்பட்டுலேர்ந்து வந்தீங்க? அத நானே பண்ணியிருப்பனே அண்ணாத்த."

தமிழரசி அதைக் காதில் வாங்கவில்லை. மோட்டார் இணைந்திருந்தபோது கிடைத்த அளவைத் திரையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"சார், இந்த எண்ண நான் பாத்திருக்கேன்."

"எங்க?"

"நம்ம ரூம்லதான். முதல் ஓட்டத்துல இதேதான் வரும். தூக்கிப் போட்டுடுவோமே, அது."

இங்கேதான் கையேட்டின் அந்தப் புதிய வரிக்குப் பொருள் வருகிறது. எங்கள் தொழிலில் எந்தச் சோதனையையும் இரண்டு முறை ஓட்டுவார்கள். முதல் ஓட்டத்தில் அட்டவணைகள் காலியாக இருக்கும். அப்போது வரும் அளவு சிப்பின் உண்மையான திறமையைக் காட்டாது என்பது கருத்து. அந்த அளவை வீசிவிட்டு இரண்டாவது ஓட்டத்தின் அளவை மட்டும் அறிக்கையில் போடுவோம். இதை யாரும் எங்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. எல்லோரும் செய்தார்கள், நாங்களும் செய்தோம். தேநீர்க் கோப்பையைக் கழுவுவதுபோல யோசிக்காமல் செய்கிற வேலை.

இந்தக் கூடத்தில் சிப் எப்போதும் முதல் ஓட்டத்திலேயே இருந்தது. மோட்டார் ஒவ்வோர் அடி நகரும்போதும் ப்ராசஸருக்கு ஒரு குறுக்கீடு போகும்: "நகர்ந்துவிட்டேன், அடுத்தது?" ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் கணிப்பானின் நினைவு அழிந்தது. எது வந்தாலும் அழித்துவிடுங்கள் என்பதுதானே உத்தரவு? சிறிய அட்டவணைக்கு அது பெரிய இழப்பில்லை. இரண்டு முறை பார்த்தால் கற்றுக்கொண்டுவிடும். பெரியதற்குத் தடம் சேரவே நேரம் வேண்டும். சேர்வதற்குள் அழிந்துவிடும். எதுவும் தெரியாத நிலையிலும் அது ஒரு பதில் சொன்னது. அது இரண்டாவது பதில் என்பதால், சிறியது சரியாகச் சொன்னதையும் தள்ளிவிட்டு அதுவே வென்றது. ஆய்வு அறையில் மோட்டார் கிடையாது. குறுக்கீடும் கிடையாது.

வேகத்துக்கும் துல்லியத்துக்கும் போட்டி என்று இத்தனை நாளும் நாங்கள் நினைத்தது, பதில் சொல்லும் வேகத்தை. கற்கும் வேகம் என்று ஒன்று இருப்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அதைக் காட்டிய ஒரே அளவை நாங்கள் ஒவ்வொரு முறையும் வீசிக்கொண்டிருந்தோம்.

"தெரியாதப்போ வாயத் தொறக்காதன்னு பெருசுக்குச் சொல்லிக்குடுத்திருக்கணும்," என்றார் தமிழரசி. "அத அடுத்த சிப்புலதான் பண்ண முடியும். இப்போதைக்கு, அழிக்கிறத நிறுத்தினாப் போதும்."

அதுவும் மாற்றம்தான். போகிக்கு முதல் நாள் கூட்டத்தில் நான் எல்லாவற்றையும் விளக்கினேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"கண்டுபிடிச்சதுக்குச் சந்தோஷம். ஆனா ஃப்ரீஸ் ஆயாச்சு. விடை சரியாத்தான் வருது, லேட்டா வருது. உங்க விதிதானே? பெருச அணைச்சிடுங்க."

என் விதிதான். நானே அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். தமிழரசி காகிதங்களை அடுக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் போகி; அலுவலகம் விடுமுறை. இரண்டாவது பதில் வரவில்லை. விடுமுறை நாளின் மௌனம் சம்மதமாகுமா என்று வழக்கத்தில் தெளிவு இல்லை. நான் கையேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டில் பொங்கலுக்கு எல்லோரும் வேலையாக இருந்தபோது நான் செய்த ஒரே வேலை அதுதான். மனைவிக்கு அதில் வியப்பில்லை.

ஃப்ரீஸ் விதிக்கு ஒரு விலக்கு உண்டு. ஃப்ரீஸ் ஆவதற்கு முன்பே எழுப்பப்பட்டு, முடிவு காணாமல் இருக்கும் கேள்விகளை ஃப்ரீஸ் கட்டுப்படுத்தாது. பெரிய அட்டவணை வாயைத் திறக்கலாமா என்ற கேள்வியை யாரும் முன்பு எழுப்பவில்லை; அது விலக்கில் வராது. ஆனால் நினைவை எப்போது அழிப்பது என்ற கேள்வியை நான் எழுப்பியிருந்தேன். பதில் வந்ததா? வந்தது. முடிவு காணப்பட்டதா? வழக்கப்படி ஆம்; ஆனால் வழக்கம் கையேட்டில் இல்லை, பட்டியலிலும் பதில் வந்த நாளுக்கான கட்டம் காலியாகவே இருந்தது. ஆகவே அது, வந்த பதில் முதலாவதா இரண்டாவதா என்பதைப் பொறுத்தது.

மேடத்துக்கு ஒரு வரி எழுதினேன். "கணிப்பானின் நினைவை எது வந்தாலும் அழிக்கச் சொன்னீர்கள். அது உங்கள் முதல் பதிலா, இரண்டாவதா?" கீழே விலக்கு விதியின் எண்ணையும் போட்டேன். பொங்கலன்று பதில் இல்லை. மாட்டுப் பொங்கலன்றும் இல்லை.

காணும் பொங்கலன்று, சோதனைப் பலகையைக் கழற்றி எடுத்துவர ஏகாம்பரத்தின் கூடத்துக்குப் போனோம். ஒரு பகுதியை அணைப்பதென்று முடிவானால், அது இருக்கும் சோதனைப் பலகைகள் திரும்பி வந்துவிட வேண்டும் என்பது நடைமுறை. அன்று மாமல்லபுரத்துக்குள் வண்டி போகாது. ஊரே கடற்கரையை நோக்கி நடந்துகொண்டிருந்தது. கூடத்தில் இயந்திரம் ஓய்ந்திருந்தது. தமிழரசி திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இத எடுத்துட்டா பழைய பலகையா சார்?" என்றார் ஏகாம்பரம். "அது தூணுக்கே மூச்சு வாங்கும்."

வாசலில் நிழல் விழுந்தது. கோமளா மேடம், வேர்த்து விறுவிறுத்து, கையில் பேத்தியோடு.

"கடலப் பாக்கணும்னு ஒரே அடம். இவ்வளவு தூரம் நடக்க வெச்சுட்டா," என்றவர், என்னைப் பார்க்காமல் நேராக அம்மனிடம் போனார். கட்டைவிரலால் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"குழி இங்க மட்டும்தானா?"

"நகை எடத்துல மட்டும்தாம்மா. தோளு, வவுறு எல்லாம் சுத்தமா கீது," என்றார் ஏகாம்பரம்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "உங்க லெட்டரப் பாத்தேன். நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

நான் பேத்தியைப் பார்த்தேன். "பாப்பா பொறந்த அன்னிக்கு மேடம்."

அவரும் பேத்தியைப் பார்த்தார்.

"மறுநாள் நான் ஒண்ணும் சொல்லலையா?"

"லீவுல இருந்தீங்க."

"அதனால அதையே வெச்சுக்கிட்டீங்களா? ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாமே!"

"கேக்கற வழக்கம் இல்ல மேடம்."

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே, பாதி செதுக்கிய பீடம் ஒன்றின் மேல் உட்கார்ந்து தொலைபேசியை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. நிறைய நேரம் எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். பேத்தி அவர் புடவையைப் பிடித்து, "கடல், கடல்" என்று இழுத்தாள். தமிழரசியின் கையில் திருப்புளி அப்படியே நின்றது.

என் தொலைபேசி ஒலித்தது. "இது இரண்டாவது. ஒரு ப்ரோகிராமிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மட்டும் அழிக்கவும். மோட்டார் கேட்பதற்கெல்லாம் அழிக்க வேண்டாம். பெரிய அட்டவணை இருக்கட்டும்."

நான் உரக்கப் படித்தேன். தமிழரசி கிண்ணத்திலிருந்து ஒரு திருகாணியை எடுத்து, பலகையில் பழைய இடத்திலேயே வைத்து முடுக்க ஆரம்பித்தார்.

"இப்ப மாட்டறீங்களா?" என்றார் ஏகாம்பரம். "ஒரு முடிவுக்கு வாங்கம்மா."

அன்று மாலை, திறந்த கேள்விகளின் பட்டியலில் அந்த வரியை எடுத்தேன். கேள்வி எழுப்பியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. நிலை என்ற இடத்தில் "முடிந்தது" என்று எழுதினேன். இத்தனை ஆண்டுகளாகக் காலியாகக் கிடந்த கடைசிக் கட்டத்தையும் நிரப்பினேன். பதில் வந்த நாள்: தை மாதம் மூன்றாம் தேதி, காணும் பொங்கல்.